கையை விட்டுப் பார்த்தல்

மூன்று நாளாய்த் தோட்டுச் சுரையைத் தேடினாள் தவமலர்.
கட்டிலுக்கடியில், சலவை யந்திரத்தின் ரப்பர் மடிப்பில்,
வாக்குவம் பையைக் கத்தரித்துக் கொட்டிய
தூசிக்குள்.
நானும் டோர்ச் பிடித்தேன்.
நானும் முழங்காலில் நின்றேன்.
மூன்றாம் இரவு காலுறை கழற்றினால்
குதியில் ஒரு பழுப்பு வட்டம்.
சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்ட
கிணுங்கென்று தரையில் விழுந்தது பவுன்.

அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.
பஸ் பிடிக்க ஓடியுமிருக்கிறேன்.
முள் குத்தினால் 'அம்மா' என்று வரும்.
எனக்கு ஒரு 'ம்' கூட வரவில்லை.

தவமலர் சுரையைக் கழுவினாள், துடைத்தாள்,
காதில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்
வெகுநேரம்.

வின்னிபெக்கில் இருபத்தாறு மாரி.
குளிர்தான் காலை மரக்கப் பண்ணுது என்றிருந்தேன்.
ஜூலையிலும் மரத்தது.
அதையும் குளிரின் கணக்கில் எழுதினேன்.

கிளினிக்கில் மரிசெல்
மீன்பிடி நரம்பு மாதிரி ஒன்றை எடுத்தாள்.
கண்ணை மூடச் சொன்னாள்.
தொடும்போது 'யெஸ்' சொல்லவேண்டும்.
யெஸ், என்றேன்.
யெஸ்.
யெஸ்.
"நான் இன்னும் தொடங்கவேயில்லை" என்றாள்.

எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டேன்,
வெட்கத்தை மறைக்க.
எண் ஒன்றும் சொல்லவில்லை.
தன் ஊர் வழக்கப்படி
உதட்டைக் குவித்து வெளியே காட்டினாள்.
கதவிடுக்கில் ஏழு பேர் தெரிந்தார்கள்.
எண்ணினேன்:
பன்னிரண்டரைப் பாதம்.

பிறகு சப்பாத்துக் கிடைத்தது.
கறுப்பு, அகன்ற மூஞ்சி, வெல்க்ரோப் பட்டி.
காயம் அழுந்தாதபடி
குதிக்கு நேரே உள்ளே ஒரு குழி.
"போடமுன் கையை விட்டுப் பாருங்கள்,
ஒவ்வொரு நாளும்" என்றாள் மரிசெல்.

மே மாதம். பனி போய்ச் சேறு வந்திருந்தது.
மூத்தோர் ஒன்றுகூடலில்
தேத்தண்ணியில் இல்லாத சீனியெல்லாம் பேச்சில்.
"காலமை ஏழு தசம் இரண்டு."
"எனக்கு ஒன்பது, நேற்றுக் கலியாணவீடு."
எண்ணைச் சொல்வோம், சிரிப்போம்.
காலைச் சொல்வதில்லை.
இராசநாயகம் வழமைபோல் மைக்கைப் பிடித்து
"நடவுங்கோ! நடந்தால் ஒரு வருத்தமும் அண்டாது" என்றார்.
கை தட்டினோம்.

கலையும்போது வாசலில்
நாற்பது சோடி கிடந்திருக்கும்.
என்னுடையதைத் தேடவேண்டியிருந்தது.
கறுப்பு வெல்க்ரோ இங்கே ஒன்று,
கம்பளத்தின் ஓரம் இரண்டு,
குடைகளுக்குப் பின்னால் யாரோ ஒளித்துவைத்த ஒன்று.
ஒன்பதுவரை எண்ணினேன்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

காலையில்தான் கையை விட்டேன்.
குதியில் குழி இல்லை.
துழாவிக்கொண்டே போனால்
பெருவிரலுக்குக் கீழே ஆழமாய் ஒன்று.
சின்னவிரல் பக்கம் இன்னொன்று,
புதிதாய் வெட்டியது, விளிம்பு இன்னும் கூர்.
யாரோ ஒருவருடைய காயத்துக்குள்
என் விரல் நின்றது.
முதல்நாள் நாற்பது நிமிடம்
அதே இடத்தில் என் கால் நின்றது,
ஒன்றும் சொல்லாமல்.

போன் அடித்தது. இராசநாயகம்.
மைக் இல்லாத குரல்.
"அண்ணை… உங்களுக்குக் குதியோ?"
"ஓம். உங்களுக்குப் பெருவிரல்."
கொஞ்சநேரம் லைனில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்,
அவருடையதோ என்னுடையதோ.
"ரெண்டு" என்றார். "மனுசிக்கு ஒண்டுதான் தெரியும்."

மாற்றிக்கொள்ளப் போனேன்.
அவர் வீட்டுப் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து
முதலில் கையை விட்டோம்,
கடன் கொடுத்த பாத்திரத்தைத்
திரும்ப வாங்குகிறவர்கள் மாதிரி.
பட்டியை ஒட்டிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"அடுத்த கூட்டத்தில இதைச் சொல்லுவமோ?"

அவர் கை என் தோளில் இருந்தது.
யெஸ், என்றேன்.
இம்முறை தொட்ட பிறகுதான்.